எட்டுக் காம்பராவுக்கும் ஒரு நாய்

நுவரெலியாவில் இப்போது சில சாப்பாட்டுக் கடைகளின் வாசலில், நாயையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். சீசனுக்கு வருகிறவர்கள் மடியில் நாயை வைத்துக்கொண்டே கேக் சாப்பிடுகிறார்கள். என்னோடு வேலை செய்கிறவர்கள் டீ குடிக்கும் நேரத்தில் இதைப் பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். நாயும் ஒரு உயிர்தானே என்பது ஒரு கட்சி. சாப்பாட்டுச் சாமான் இருக்கிற இடத்தில் நாய்க்கு என்ன வேலை என்பது இன்னொரு கட்சி. எதிலும் முந்திரிக்கொட்டை மாதிரி முதலில் பேசுகிற நான் இதில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. ஏன் என்று கேட்கிறார்கள். இதுவரை சொன்னதில்லை.

சில வருஷத்துக்கு முன்னால் பூண்டுலோயா டவுனில் ஒரு சுப்பர் மார்க்கட்டில் பில் போடும் வேலையில் இருந்தேன். கண்ணாடிக் கதவு வைத்த புதுக் கடை. காரில் வருகிறவர்கள் பொசுபொசு என்று ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலாளி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிடுவார். தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் பின்னால் ஒரு நாய் எட்டிப் பார்த்தால் விளக்குமாறு பறக்கும். எனக்கு நாய் மேல் பெரிய பாசம் எல்லாம் கிடையாது. ஓரவஞ்சனை பிடிக்காது, அவ்வளவுதான். விட்டால் எல்லா நாயையும் விடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றையும் விடாதீர்கள் என்று ஒருநாள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். அவர், சரி, ஒன்றையும் விட வேண்டாம், நீயே போர்டு எழுது, இனிமேல் ஒரு நாய் உள்ளே வந்தாலும் உன்னைத்தான் கேட்பேன், வேலையை விட்டுப் போய்விட வேண்டும் என்றார். மூன்று மொழியிலும் எழுதிக் கதவில் ஒட்டினேன். பெரிதாக எதையோ ஜெயித்துவிட்டது போல ஒரு மாசம் தலைக்கனத்தோடு திரிந்தேன்.

வரிசையாக எட்டு வீடு கொண்ட எங்கள் லயத்தில் ஒரு செம்பட்டை நாய் இருந்தது. எட்டுக் காம்பராவுக்கும் அது பொது. ஒரு வீட்டில் காலைச் சோறு, இன்னொரு வீட்டில் ரொட்டித் துண்டு, ஆளுக்கொரு பெயர். காலையில் பெண்கள் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கூடவே போகும். சாயங்காலம் நான் வேலை விட்டு வரும் நேரத்துக்கு ரோட்டு வளைவில் வந்து உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து லயத்துக்குத் தேயிலைக்குள்ளால் அரை மணி நேரம் ஏற வேண்டும். சிறுத்தை நடமாட்டம் உள்ள பாதை. கீழ் லயத்தில் இரண்டு நாயைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அதனால் எங்கள் நாய் முன்னால் ஓட நான் பின்னால் போவேன். அப்படிப் போனாலும், அது என் நாய் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட ஆட்கள் வருவார்கள். கார்டில் உரிமையாளர் பெயர் எழுத வேண்டும். எங்கள் சனத்துக்குக் காகிதத்தில் பெயர் ஏறுவதென்றாலே பயம். "நம்ம நாய் இல்லீங்க சேர், சும்மா சுத்திக்கிட்டு இருக்கும்" என்று எட்டு வீட்டிலும் ஒரே பதில். காலையில் சோறு போட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அப்படிச் சொன்னவர்களும் உண்டு. வந்தவர் சலித்துப்போய், ஆளில்லாத நாய் என்றால் கார்டு தர முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது நான்தான். வேலை முடியட்டும் என்று என் பெயரை எழுதிவிட்டேன். அடுத்த வருஷமும் அதே மாதிரி. கார்டு மாதா படத்துக்குப் பின்னால் கிடந்தது.

அது ஐப்பசி மழை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கடை நிறைய ஆட்கள். இடி என்றால் எங்கள் நாய்க்கு உயிர் போய்விடும். நான் இருக்கும் இடம் அதற்குத் தெரியும், முன்பு இரண்டு மூன்று தடவை கடை வரைக்கும் வந்து என்னிடம் விரட்டு வாங்கியிருக்கிறது. யாரோ கதவைத் திறந்தபோது கால்களுக்கு இடையில் நுழைந்து நேராக என் கவுண்டருக்கு அடியில் வந்து சுருண்டுகொண்டது. தொப்பலாக நனைந்து, நடுங்கிக்கொண்டிருந்தது. முதலாளி மா மூட்டைப் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். கழுத்தைப் பிடித்து வெளியே விட ஒரு நிமிஷம் போதும். ஆனால் கடை முழுக்கப் பார்க்கும். போர்டு எழுதினவளின் நாய் என்று சிரிப்பார்கள். காலால் அதை உள்ளே தள்ளி, ஒரு வெற்று அட்டைப் பெட்டியை முன்னால் இழுத்து வைத்தேன். இடி நின்றதும் மெல்ல விரட்டிவிடலாம் என்பது என் கணக்கு.

வரிசையில் அடுத்து நின்றது பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா. முகப்பழக்கம் மட்டும்தான். கூட ஆறு வயசு மகள். நான் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளையின் டொஃபி உருண்டு பெட்டிக்குப் பின்னால் போயிருக்கிறது. குனிந்து கையை விட்டாள். அதே நேரம் கட்டடமே அதிர ஒரு இடி. அடுத்துக் கேட்டது பிள்ளையின் அலறல். நாய் பெட்டியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, திறந்திருந்த கதவு வழியாக மழைக்குள் ஓடியது. பிள்ளையின் புறங்கையில் இரண்டு பல் இறங்கி ரத்தம் கொட்டியது.

தெரு நாய் என்றார் ஒருவர். வாயில் நுரை தள்ளியதைத் தன் கண்ணால் பார்த்ததாக இன்னொருவர் சத்தியம் செய்தார். அது மழைத் தண்ணீர். இரண்டு பேர் கிடைத்த கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். முதலாளி என்னிடம் வந்து, எப்படி உள்ளே வந்தது என்று கேட்டார்.

"தெரியல முதலாளி" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். யாருடைய நாய், யாருக்காவது தெரியுமா என்று அந்த அக்கா அதற்கு முன்பே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டிருந்தார். யாருக்கும் தெரியவில்லை. எந்த நாய் என்று தெரியாவிட்டால் காயத்தைச் சுற்றியே ஊசி போடுவார்கள் என்று ஒரு பெரியவர் விவரம் சொன்னார். அதைக் கேட்டதும், கடித்தபோது கத்தியதைவிடப் பெரிதாகப் பிள்ளை கத்த ஆரம்பித்தாள்.

நாய் கடித்தால் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்று ஊசி போட வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். கடைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குக் கூட்டிப்போனேன். ஒரு கையால் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் நுரை தேய்த்தேன். அந்த அக்கா மகளின் தோளைப் பிடித்தபடி நின்றார். முதலாளி கதவுநிலையில் சாய்ந்து நின்றார். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி குளிர்ந்தது.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். அம்மாவுக்கு முழங்கால் முடியாமல் போய் மலைக்குப் போவதை நிறுத்திய வருஷம் அது. சொல்லாவிட்டால் இந்தக் கையில் ஊசி இறங்கும், அதன் பிறகும் மாசக்கணக்கில் இந்தத் தாய் பயந்து சாவாள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். ஊசி போட்டால் பிள்ளைக்கு நல்லதுதானே என்று கூட ஒரு தடவை நினைத்தேன். இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருப்பது அந்த நினைப்புதான். வெளியே அவர்கள் நாயைத் தேடிக் கத்துவது கேட்டது. நான் தேய்த்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, கைக்குள்ளயே ஊசி குத்துவாங்களா?"

குழாயை மூடினேன்.

"அக்கா, அது எங்க லயத்து நாய்" என்றேன் தாயிடம். "ரெண்டு வருஷம் ஊசி போட்டிருக்கு. கார்டு வீட்டுல இருக்கு. இடிக்குப் பயந்து வந்துச்சு, நான்தான் பெட்டிய வச்சு மறைச்சேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "கார்ட எடுத்துக்கிட்டு வாங்க, ஆசுபத்திரிக்குப் போவோம்" என்றார். முதலாளி நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் கேட்டுக்கொண்ட சட்டம்தானே.

நாய் ஒரு லொறிக்கு அடியில் பதுங்கியிருந்தது. கட்டையோடு நின்ற இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு போய், அது என் நாய், அடிக்காதீர்கள் என்று கத்தினேன். துப்பட்டாவால் கட்டி இழுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் லயத்துக்கு ஓடி, நாயைத் தூணில் கட்டி, கார்டை எடுத்துக்கொண்டு ரோட்டு வளைவுக்கு இறங்கினேன். பேசிக்கொண்டபடி அவர்கள் அங்கே ஆட்டோவில் காத்திருந்தார்கள். நேராக நுவரெலியா ஆசுபத்திரிக்குப் போனோம்.

டொக்டர் கார்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நாய் யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். டெட்டனஸுக்கான ஏற்பு ஊசி மட்டும் போட்டுவிட்டு, வெறிநோய் ஊசிக்கு அவசரம் இல்லை, ஆனால் பதினான்கு நாள் நாயைக் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும் என்றார். சாப்பாட்டை நிறுத்தினாலோ, செத்தாலோ, காணாமல் போனாலோ அன்றைக்கே பிள்ளையைக் கொண்டுவர வேண்டும்.

காணாமல் போனாலோ என்ற சொல்லில்தான் என் பிராணன் நின்றது. சிறுத்தை சுற்றுகிற இடத்தில், ஒருநாளும் கட்டிப் பழகாத நாய். எங்கள் காம்பராவுக்குள்ளேயே கட்டி வைத்தேன். லயத்தில் அத்தனை பேரும் ஒரே நாளில் மாறிவிட்டார்கள். "ஒன்னோட நாய் கடிச்சிருச்சாமே?" என்று விசாரித்தார்கள். அதுவரை ஊருக்கே பொதுவாக இருந்த நாய், கடித்த பிறகு எனக்கு மட்டும் சொந்தமாகிவிட்டது.

அந்த அக்கா தினமும் வந்தார். சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, மழையோ பனியோ, இரண்டு மைல் நடந்து வந்து எங்கள் வாசலில் பத்தடி தள்ளி நிற்பார். நாயை வெளியே கொண்டுவரச் சொல்லுவார். பார்ப்பார். போய்விடுவார். டீ ஊற்றினால், வேண்டாம் தங்கச்சி என்பார். என் வார்த்தையை அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. நம்பும்படி நான் என்ன செய்திருந்தேன்?

ஒன்பதாம் நாள் காலையில் நாய் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மத்தியானமும் தொடவில்லை. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது. இரண்டு நேரம்தானே, நாளைக்குச் சாப்பிட்டுவிடும் என்றார் அம்மா. நான் அந்த அக்கா வரும் நேரம் வரை காத்திருக்கவில்லை. எடை போடும் இடத்துக்கே ஓடி, நாய் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் கொழுந்துப் பையை அப்படியே கீழே வைத்துவிட்டு என்னோடு வந்தார்.

முதல் முறையாகப் பத்தடி தாண்டி வந்தார். நாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒரு சட்டியில் தண்ணீர் வைக்கச் சொன்னார். வெறி பிடித்த நாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். வைத்தேன். நாய் எழும்பவில்லை. கழுத்துக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். பயமாக இருந்தது, ஆனாலும் அவிழ்த்தேன். இரண்டு பேரும் தண்ணீர் ஓடும் கானோரத்தில் குந்திக்கொண்டு அந்தச் சட்டியையே பார்த்தோம். பிள்ளையை இரவோடு இரவாகக் கொண்டு போக ஆட்டோ கிடைக்குமா என்று நான் மனசுக்குள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து நாய் எழும்பி, உடம்பை உதறி, சோம்பல் முறித்து, சட்டியில் வாயை வைத்தது. சளக் சளக் என்று பாதித் தண்ணீர் குடித்தது. பிறகு காலையில் வைத்த சோற்றையும் தின்றது. கட்டிப் போட்ட கோபம்தான் போல. அந்த அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இரண்டு பேரும் சேர்ந்து அழவில்லை, தனித்தனியாகத்தான்.

பதினான்காம் நாள் மகளையும் கூட்டிவந்தார். காயம் காய்ந்து இரண்டு புள்ளியாக இருந்தது. பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்துகொண்டே நாயைப் பார்த்தாள். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அன்றைக்குக் கடையில் பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன்.

"நீங்க தெரியலன்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு தங்கச்சி" என்றார். "ஒங்க மூஞ்சியப் பாத்தேனே."

அப்படியானால் அந்த இடத்திலேயே ஏன் கேட்கவில்லை என்றேன்.

"அத்தனை பேருக்கு முன்னால கேட்டிருந்தா இல்லைன்னுதான் சொல்லியிருப்பீங்க. ஒரு தடவ இல்லைன்னு சாதிச்சிட்டா அப்புறம் எப்படி மாத்திச் சொல்லுவீங்க? எம்புள்ளைக்கு நாய் யாருதுன்னு தெரியணும். அதான் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

அந்தக் குழாயடியில் தவித்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். மகளின் கையில் ரத்தம் ஓடும்போது, எல்லாம் தெரிந்தும், நான் பயந்து பின்வாங்கிவிடக் கூடாது என்று ஒரு சொல் பேசாமல் நின்றிருக்கிறார்.

"நான் கடைசி வரைக்கும் சொல்லாமலே இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் பிள்ளையின் தலையில் போட்டிருந்த சாக்கைச் சரிசெய்தார். "ஒங்க கையப் புடிச்சுக்கிட்டு அழுதிருப்பேன்" என்றார். "வேற என்ன செய்ய?"