தானாக அடித்த பிளாஷ்

புது டிஜிட்டல் கேமராவை ஆட்டோ மோடில் வைத்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார் கடைக்காரர். தாயில்பட்டியில் அக்காவையும் கைக்குழந்தையையும் வீட்டுக்குள் பாயில் உட்காரவைத்து பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் போதவில்லையென்று கேமராவே பிளாஷ் அடித்தது.

கேமராவை இறக்கினால் பாயில் யாருமில்லை. திரையிலோ அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே போய்ப் பார்த்தேன். தெருமுனையில் பிள்ளையை இறுக்கிக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள்.

"ஏன்க்கா ஓடி வந்த?"

"தெரியலடா. வெளிச்சம் அடிக்கவும் காலு ஓடிருச்சு. கம்பெனில அப்படித்தான ஓடுவோம்."

பட்டாசு ஆலையின் வெடிமருந்து அறையில் திரி வைப்பவள் அவள்.

"படம் விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

விழுந்திருந்தது. அழகான படம் என்கிறார்கள் எல்லோரும். எனக்கு மட்டும் அதில் காலிப் பாய்தான் தெரிகிறது.