தபாலாபீசில் கூட்டம் குறைந்த மாதம்

எங்கள் வீட்டுச் செலவு தஞ்சாவூர் மழையைப் பார்த்துத்தான் நடந்தது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் ஊரில் மாமனார் கேட்கும் பணம் குறையும். கல்கத்தாவில் எங்களுக்கு நெய் கொஞ்சம் தாராளப்படும். அங்கே வயல் காய்ந்தால் மணியார்டர் பெருக்கும். கைக்குழந்தையின் பாலில்கூட நான் சிக்கனம் பிடிக்க வேண்டும். அந்த வருஷம் சம்பா முழுக்கக் கருகிப்போயிருந்தது.

என் கணவர் ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா. சம்பளத்துக்கு மறுநாள் ஹவுராவில் கம்பெனியின் ஆலைக்குப் பக்கத்துத் தபாலாபீசில் ஊருக்குப் பணம் கட்டுவார். பீகாருக்கு அனுப்ப ஆலைக் கூலிகள் வரிசை கட்டி நிற்கும் இடம் அது. அவர் திரும்புவதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். மாசி மாதத்தில் ஒருநாள் வெயில் இருக்கும்போதே வந்து நின்றார்.

"ஈ காக்கை இல்லை. போனேன், கட்டினேன், வந்துட்டேன்!"

"ஏன்னா, கூலிக்காராள்லாம் எங்கே போனா?"

"ஊருக்குப் போயிருப்பா."

"அவா ஊர்ல அறுப்புக் காலமா இது?"

"படிச்ச பொண்ணைக் கட்டிண்டா இதுதான். சீக்கிரம் வந்தாலும் விசாரணை."

சிரித்தேன். ஆனால் அனுப்பக் கையில் காசு இல்லாததால்தான் அவர்கள் வரவில்லை என்று பட்டது. ஆலையில் வேலை குறைந்தால் முதலில் கூலிக்காரன், அப்புறம் குமாஸ்தா. ஒருவேளை நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ? குறைத்து அனுப்பச் சொன்னால், மருமகள் தடுத்துவிட்டாள் என்றாகும். அங்கேயும் அடுப்பு எரிய வேண்டாமா? இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு மெல்லக் கேட்டேன்.

"அடுத்த மாசம் கொஞ்சம் குறைச்சு அனுப்பலாமா?"

"அப்பா கேட்டு நான் குறைக்கறதா?" என்றவர், அடுத்த மாதம் இன்னும் கூட்டியே அனுப்பினார். மணியார்டர் துண்டில் வழக்கம்போல 'இங்கே சகலரும் க்ஷேமம்' என்று எழுதினார்.

அதை ஊரில் வேறு மாதிரி படித்துவிட்டார்கள். தொகை ஏறியதால் பிள்ளைக்கு உத்தியோகமும் ஏறிவிட்டது என்று மாமனார் முடிவு கட்டினார். இவர் தம்பியையும் அவன் மனைவியையும் ரயிலேற்றிவிட்டதாகவும், அவனையும் அதே ஆபீசில் சேர்த்துவிடும்படியும் கார்டு வந்தது. அது வந்த வாரம்தான் கம்பெனியில் குமாஸ்தாக்களை, சொல்லி அனுப்பும்வரை வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஸ்டேஷனிலிருந்து அழைத்துவந்த வழியில் இவர் வேலை நின்றதைச் சொல்லியிருக்கவில்லை. மைத்துனன் கால் கழுவிக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.

"என்ன மன்னி, பங்களாவா இருக்கும்னு அப்பா சொன்னாரே!"

இலை போட்டேன். உட்கார்ந்ததும் அண்ணாவைக் கேட்டான், "நாளைக்கே ஆபீசுக்கு வந்துடட்டுமா?"

இவர் இலையைப் பார்த்தார். நான் சொல்வது முறையா, தெரியவில்லை. வேறு யார் சொல்வார்கள்?

"உங்க அண்ணாவுக்கே நாளைக்கு ஆபீஸ் இல்லைடா," என்றேன்.

மன்னி கேலி செய்கிறாள் என்று அவன் பலமாகச் சிரித்தான். கதவோரம் நின்றிருந்த அவன் மனைவி சிரிக்கவில்லை.