மாமாவின் வயிறும் மாச முறையும்

என் மாமனாருக்கு மாச முறை வைத்திருந்தோம். ஒரு மாசம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களோடு, மறு மாசம் ராஜபாளையத்தில் கொழுந்தன் வீட்டில். அமாவாசை கழிந்ததும் ஆட்டோ வரும், பையோடு ஏற்றிவிடுவோம். பெற்ற தகப்பனை எப்படிப் பங்கு போட்டுப் பார்க்கிறார்கள் என்று சொந்தக்காரர்களெல்லாம் மெச்சினார்கள்.

மெச்சியவர்கள் அவர் திரும்பி வரும் கோலத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சதை கரைந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் வருவார். வயசுதானே என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா காலைப் பார்ப்பார்கள் என்று பார்த்தால், வயிற்றைப் பற்றித்தான் தோண்டித் தோண்டிக் கேட்டார்கள்.

"சின்ன மகன் வீட்டுல என்ன சாப்பாடு ஐயா?"

"டீ, பிஸ்கட்டு. மத்தியானம் ஒரு கரண்டி ரசஞ்சோறு. ராத்திரி பன்னு. காச்சல் அடிச்சா மெடிக்கல்ல செட்டு மாத்திரை" என்றார் மாமா, பெருமையாக.

குடலுக்குள் நல்ல கிருமிகள் உண்டாம். கீரை, பயறு, காய் என்று விதவிதமாகப் போனால்தான் அதுகள் பிழைக்குமாம். கண்ட மாத்திரையும் அதுகளைக் கொல்லுமாம். அதுகள் குறைந்தால் தின்னது உடம்பில் ஒட்டாமல் வயசானவர்கள் சீக்கிரம் தளர்ந்துபோவார்கள், அதுவும் ஒரு காரணம் என்றார்கள். கோயில் கோயிலாகச் சுற்றியும் பகவான் நம் வயிற்றுக்குள் இத்தனை உயிரை வைத்திருக்கிறான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓர்ப்படியாளுக்குப் போன் போட்டேன். அவள் ஒளிக்கவில்லை.

"கீரையும் பயறும் போட்டா அடிக்கடி கக்கூஸ் போவாகக்கா. நான் தளவாய்புரத்துக்கு நைட்டி தைக்கப் போயிருவேன். யாரு கழுவ? வயித்தைக் காயப்போட்டா அவியளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

அந்த மாசம் கம்பங்கூழ், மோர், தட்டாம்பயறு, முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். "ஏன் தாயி, என்னைய உழவுக்குக் கட்டப்போறியா?" என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். மெல்ல மெல்லக் கால் ஊன்றியது. கடைசி வெள்ளிக்கிழமை, என் கையைத் தட்டிவிட்டு ஆண்டாள் சன்னதிக்குத் தானாக நடந்தார். நான் கும்பிட மறந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அமாவாசை வந்தது. "இங்கேயே இருக்கட்டுமே" என்று கெஞ்சினேன்.

"முறைன்னா முறைதான். அவன் சோறு போடலைன்னு ஊரு பேசும்னு தம்பி சங்கடப்படுவான்" என்றார் வீட்டுக்காரர். தம்பி மனசு நோகக்கூடாது. தகப்பன் கால் எப்படிப் போனால் என்ன!

மறுபடி வந்தபோது இரண்டு பேர் தாங்கித்தான் இறக்கினோம். கூழை நீட்டினேன், தள்ளிவிட்டார்.

"பிஸ்கட்டு போதும் தாயி. அங்க எல்லாரும் என்னைய தொந்தரவே இல்லாத மனுசன்னு சொல்லுதாக."

அந்த வாரமே கொல்லையில் விழுந்தார். அதோடு படுக்கைதான். அடுத்த முறைக்குக் கொழுந்தன் போன் செய்தான்.

"மதினி, படுத்துட்டவரை ஆட்டோவுல எப்படி ஏத்த? அங்கேயே இருக்கட்டும்."

நான் கெஞ்சியபோது கிடைக்காதது, இப்போது தானாகக் கிடைத்துவிட்டது. தினமும் கீரையை மசித்துக் கிண்ணத்தோடு உட்காருகிறேன். "வாயைத் திறங்க மாமா" என்கிறேன்.

"பொறவு நீதானே தாயி அள்ளணும்" என்று உதட்டை இறுக்கிக்கொள்கிறார்.