அடக்கம் செய்த நட்சத்திரக் கணக்கு

தாராவியில் கரீம் பாட்சா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். கடையநல்லூர்க்காரர். தராசுத் தட்டில் கை வைக்கத் தெரியாத மனிதர். அப்படியும் இந்த ஊரில் ஒருவர் பிழைத்தார் என்றால் ஆண்டவன் செயல்தான். வரும் கட்டுகளை அவரே பிரித்து ரகம் பார்ப்பார். அரபு எழுத்துள்ள தாள் அகப்பட்டால் மட்டும், கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து, உயரே தொங்கும் சாக்கில் போடுவார். இறைவன் பெயர் இருக்கலாம், காலில் மிதிபடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். சாக்கு நிறைந்தால் கபர்ஸ்தானில் குழி தோண்டி மரியாதையாக அடக்கிவிடுவார்.

1964இல், மழை ஓய்ந்த சமயம், மாதுங்காவிலிருந்து செண்பகவல்லி மாமி கடைக்கு வந்தாள். அவள் கணவர் சந்திரமௌலி வானிலை ஆபீஸில் இருந்தவர். அவர் இறந்ததும், கரப்பான் அண்டுகிறதென்று அவர் காகிதங்களை மாமி எடைக்குப் போட்டிருந்தாள். ஒருவருடைய ஆயுள்கால உழைப்பை அப்படித் தூக்கிப் போட்டாளே என்று பக்கத்துக் கடையிலிருந்த எனக்கு அவள்மேல் கோபம்தான்.

“பாய், அந்தக் காயிதமெல்லாம் இருக்கா? பாரிஸ்லேர்ந்து எழுதியிருக்கா. நாலஞ்சு தேசத்துக்காரா சேர்ந்து பழைய சயின்ஸ் காயிதங்களைப் படம் பிடிச்சுப் பத்திரப்படுத்தறாளாம். எது எங்கே இருக்குன்னு புஸ்தகமா அச்சடிக்கறாளாம். இவர் அரபுக்காரா நட்சத்திரக் கணக்கைக் கையால காப்பி எடுத்தாரே, அது வேணுமாம். சூரத்துல இருந்த மூலத்தைக் கரையான் தின்னுடுத்து. இனிமே லோகத்துலயே அது ஒண்ணுதான்.”

கரீம் பாட்சாவுக்கு முகம் செத்துவிட்டது. “தேடிப் பாக்கேன் மாமி” என்று மட்டும் சொன்னார்.

தேட ஒன்றுமில்லை. அந்தக் கணக்கில் எண்களையும் எழுத்தாலேயே எழுதுவார்களாம். தொடக்கத்தில் பிஸ்மில்லா வேறு. இவர் வேதமென்றே நினைத்து, மழை தொடங்கும் முன் அடக்கிவிட்டார். சில நாளில் மகள் சாயிராவுக்குப் பிரசவம். பிள்ளை அழாமலே பிறந்தது. குழிவெட்டி அபுதாஹிர், எங்கே வெட்டட்டும் என்று கேட்டபோது, கரீம் பாட்சா அந்த இடத்தையே காட்டினார். “வேதம் இருக்க எடம்லா, புள்ளைக்குத் தொணையா இருக்கும்.”

மாமி வந்துபோன பிறகு அவர் கடையில் தாள் சலசலத்தால் திடுக்கிட்டுக் காலடித் தரையைப் பார்ப்பார். கீழே யாரோ பக்கம் புரட்டுகிறார்கள் என்பார். அபுதாஹிரிடம் போய் நின்றார்.

“சொன்னியன்னா புள்ளய அலுங்காமத் தூக்கிப் பக்கத்துல வச்சிருதேன் அண்ணே. பேப்பரு நனஞ்சிருக்கும். ஆனா கெடைக்கும்” என்றான் அவன்.

தோண்டு என்று சொல்ல இவர் துணியவில்லை. வேண்டாமென்று விடவும் மனமில்லை. கடைசியில் மாமியையே கபர்ஸ்தான் வாசலுக்கு அழைத்துவந்து எல்லாவற்றையும் சொன்னார். “இப்ப நீங்க சொல்றதுதான் மாமி. தோண்டச் சொன்னா தோண்டுதேன்.”

மாமி வாசலில் நின்றபடி உள்ளே மண்மேடுகளைப் பார்த்தாள்.

“ஆணா, பொண்ணா?”

“ஆம்பளப் புள்ள.”

“பேர்?”

“வைக்கல.”

“எங்களுக்கும் ஒண்ணு பிழைக்கலை பாய். மண்ணைத் தொடாதீங்கோ.” புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். என் கோபம் அன்றோடு போயிற்று.

அடுத்த வருஷம் பாரிஸ் புத்தகம் வந்தது. சந்திரமௌலி பெயருக்கு எதிரே, கணக்கு இருக்குமிடம் தெரியவில்லை என்று அச்சாகியிருந்தது.

கரீம் பாட்சா வெள்ளிதோறும் அங்கே இறந்தவர்களுக்கான பாத்தியா ஓதப் போகிறார். மண்ணுக்குள் ஒரு ஆள் தணிந்த குரலில் பிள்ளைக்கு நட்சத்திரக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது கேட்கிறதாம். அதற்கு அவர் பயப்படவில்லை.

“பொறந்தப்ப அழவே இல்ல எம்பேரன்” என்றார் என்னிடம். “என்னைக்காவது அந்த ஆளுக்குப் பதில் சொல்லிட்டாம்னா எனக்கு நெஞ்சு தாங்காது. ஆனா கேக்கப் போவாம இருக்கவும் முடியல.”