மிக்ஸி ஆறட்டும்

போன வாரம் கொச்சியில், யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடை முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். பித்தளை உருளி, மரப்பெட்டி, கப்பல் விளக்கு, இவற்றுக்கு நடுவே ஒரு மிக்ஸி. வெண்ணெய் நிற உடம்பு, முன்னால் கறுப்புத் திருகு, எவர்சில்வர் ஜார். எனக்குச் சிரிப்பு வந்தது. இது பழம்பொருள் என்றால் இதைவிட மூத்தவளான என்னை ஏன் இன்னும் யாரும் கண்ணாடி அலமாரியில் வைக்கவில்லை? சிரித்துக்கொண்டே இருந்தபோது பக்கத்துக் குடோனிலிருந்து சுக்கு வாசனை வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

சுக்கு வாசனை என்றால் எனக்கு அப்பா. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மண்டியில் வேலை அவருக்கு. சட்டையை எத்தனை துவைத்தாலும் அந்த வாசனை போகாது. அப்பா செய்தித்தாள் வாங்கமாட்டார், ஆனால் பொட்டலம் கட்டி வரும் தாளை ஒரு வரி விடாமல் படிப்பார். கடலையைக் கடலைக்காக வாங்கினாரா, தாளுக்காக வாங்கினாரா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மூளையைப் பற்றிய செய்தி என்றால் அவருக்கு உயிர். யானை ஒருதரம் பார்த்த முகத்தை மறக்காது. காக்காய்க்குக் கணக்கு தெரியும். அகலமான நெற்றி உள்ளவர்கள்... அந்த இடத்தில் தாள் கிழிந்திருக்கும். மீதியைத் தன் நெற்றியைத் தடவிக்கொண்டே அவரே சொல்லி முடித்துவிடுவார்.

ஒருநாள், "பொம்பளைங்க மூளை எடை கம்மியாம், போட்டிருக்கான்" என்றார்.

அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "எடை போட்டு வாங்க அது என்ன சேனைக்கிழங்கா?" என்றாள்.

அந்தப் பதிலில் கடுகோடு வேறு ஒன்றும் வெடித்தது. பொள்ளாச்சியில் ஒன்பதாவது முடித்த கையோடு கல்யாணம் செய்து அம்மாவைக் கொச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். பத்தாவது எழுதாமல் போனது அவளுக்குப் பல்லிடுக்கில் மாட்டிய மாங்காய் நார் மாதிரி. பள்ளிக்கூடம் போகாமலே, வீட்டிலிருந்து படித்துப் பரீட்சை எழுதலாம் என்று யாரோ சொன்னதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அப்பா கெட்டவர் இல்லை, பசி தாங்காதவர், அவ்வளவுதான். "எழுதேன், யார் வேண்டாம்னா? சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வரணும்" என்றார்.

அந்த நேரம்தான் இல்லை. கொச்சியில் குடியிருந்துகொண்டு தேங்காய் அரைக்காமல் அடுப்பு மூட்ட முடியுமா? அவியலுக்கு அரைக்க வேண்டும், எரிசேரிக்கு அரைக்க வேண்டும், காலையில் தோசைக்குச் சட்னி, சாயங்காலம் அதே தோசைக்கு வேறு சட்னி. அம்மா பாதி நாள் அம்மிமுன்தான் குனிந்திருப்பாள். பக்கத்தில் பாடப்புத்தகம் திறந்து கிடக்கும். அதுவும் மலையாளத்தில். தமிழில் படித்து வளர்ந்தவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து ஒரு வரி முடிப்பதற்குள் குழம்பு கொதித்துவிடும்.

கோயம்புத்தூரில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, இதைப் பார்த்துவிட்டு அடுத்த முறை வரும்போது ரயிலில் மடியில் வைத்து, இதே வெண்ணெய் நிறத்தில் ஒரு மிக்ஸி கொண்டுவந்தார். "இனி மத்தியானம் ஒரு மணி நேரம் உனக்கே உனக்கு, அக்கா. உக்காந்து படி" என்றார்.

பாவம், மாமாவுக்கு மட்டாஞ்சேரியைத் தெரியாது. எங்கள் சந்துக்கு அதுதான் முதல் மிக்ஸி. சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் இறங்கி பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியும், மிக்ஸி முனகும், சுற்றாது. ஆகவே அரைக்க நல்ல நேரம் மத்தியானம். மத்தியானம் எங்கள் வாசலில் கிண்ணமும் கையுமாகச் சந்தே நின்றது. துருவிய தேங்காயை ஏந்தி நிற்பவளிடம் எப்படி முடியாது என்று சொல்வது? அரைத்துக்கொண்டு போகிறவர்கள் ஒரு கரண்டி எங்களுக்கும் வழித்துவைத்துவிட்டுத்தான் போவார்கள். எதிர்வீட்டு ரோஸி சேச்சியின் மீன் குழம்பு அரைப்புக்கு மட்டும் தனி ஜார். நாங்கள் சைவம், மிக்ஸியும் சைவம்தானே! ஆக, அம்மாவுக்குக் கிடைத்த ஒரு மணி நேரத்தைச் சந்து முழுவதும் சேர்ந்து தின்றது. எனக்கு அப்போது பள்ளி காலை ஷிப்டு. மத்தியானம் வீட்டிலிருந்து இதைப் பார்த்து அழுகை அழுகையாக வரும். அம்மா அழவில்லை.

ஒருநாள் ரோஸி சேச்சியின் தேங்காய் பாதி அரைபட்டபோது அம்மா கறுப்புத் திருகைத் திருப்பி நிறுத்தினாள். புறங்கையை மிக்ஸியின் மேல் வைத்துப் பார்த்தாள். "சூடாயிடுச்சு சேச்சி. ஆறட்டும்" என்றாள். அதில் பொய்யில்லை, அந்தக் காலத்து மிக்ஸி சீக்கிரம் சூடாகும். அப்புறம் மெதுவாகப் புத்தகத்தை நீட்டினாள். "அதுவரைக்கும் இதைக் கொஞ்சம் வாசிங்களேன்."

ரோஸி சேச்சி சர்ச்சில் வேதம் வாசிக்கிற ராகத்திலேயே சமூகபாடத்தையும் வாசித்தாள். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். கண்ணால் படித்து ஏறாத மலையாளம் காதால் ஏறியது. மறுநாளும் மிக்ஸி சூடானது. மூன்று வீடு தள்ளியிருந்த குஜராத்தி ஹன்ஸாபென் கொத்தமல்லிச் சட்னி அரைக்க வந்து கணக்கில் மாட்டிக்கொண்டாள். அம்மா தப்பாகப் போட்டால், "தெற்றிப் போயி! ஒண்ணுகூடி செய்" என்று தொடையில் தட்டி இன்னொரு தரம் போடவைப்பாள். போகப் போக அரைக்கிற நேரம் குறைந்து ஆறுகிற நேரம் வளர்ந்தது. அம்மா தொட்டுப் பார்ப்பாள். மிக்ஸி சில்லென்று இருக்கும், நானும் தொட்டுப் பார்த்திருக்கிறேன். "இன்னும் சூடாத்தான் இருக்கு சேச்சி" என்பாள். ரோஸி சேச்சியும் முகம் மாறாமல், "ஆறட்டே, ஆறட்டே. இன்னு ஏது பாடமா?" என்று காலை நீட்டிக்கொள்வாள். எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

புத்திக்கு வைத்தியமும் அங்கேயே நடந்தது. "மீன்தல தின்னா புத்தி வரும், கேட்டோ" என்பாள் ரோஸி சேச்சி. ஹன்ஸாபென் ஊறவைத்த பாதாம் கொண்டுவருவாள். அம்மாவுக்கு வெண்டைக்காய்தான் நம்பிக்கை. அந்த வருஷம் பொரியல், பச்சடி, புளிக்குழம்பு என்று வெண்டைக்காய் எங்களைத் துரத்தியது. "இந்த வீட்டில எனக்குத்தான் புத்தி ஜாஸ்தியாகும் போலிருக்கு" என்று அப்பா முணுமுணுத்தார். நானும் அதே வெண்டைக்காயைத்தான் தின்றேன். என் கணக்கு மார்க்கை இங்கே சொல்லப்போவதில்லை.

ரிசல்ட் வந்த அன்று அப்பா முதல்தடவையாக முழு செய்தித்தாள் ஒன்று வாங்கி வந்தார். கிழியாத தாள், பொட்டலம் கட்டாத தாள். எண்களின் நடுவே விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, அம்மாவிடம் நீட்டினார். தேர்ட் கிளாஸ்தான். ஆனால் அன்று சந்துக்கே பாயசம். தேங்காய்ப் பாலுக்காக அரைத்தபோது அன்றைக்கு மட்டும் மிக்ஸி சூடாகவே இல்லை.

மேலே ப்ரீ டிகிரியும் படிக்கலாம் என்று அம்மா புத்தகம் வாங்கினாள். அதற்குள் வளைகுடாவிலிருந்தும் தவணையிலும் வீட்டுக்கு வீடு மிக்ஸி வந்துவிட்டது. மத்தியானங்களில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தனித்தனியாகச் சத்தம் கேட்கும். எங்கள் வாசலில் கிண்ணத்தோடு யாரும் வரவில்லை. கொஞ்ச நாள் அம்மா புத்தகத்தோடு தனியே உட்கார்ந்து பார்த்தாள். ஒருநாள் அதை மூடி அலமாரியில் வைத்தாள். "இப்ப மத்தியானம் முழுக்க எனக்குத்தான். வாசிக்கத்தான் ஆளில்லை" என்றாள். அம்மாவும் இல்லை, ரோஸி சேச்சியும் இல்லை. ஹன்ஸாபென் மகனோடு எந்த ஊருக்கோ போனாள். எங்கள் வீடு இருந்த இடத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி.

கொச்சியிலேயே தேவராவில் என் மகள் வீட்டிலும் ஒரு மிக்ஸி இருக்கிறது. தானே வேகம் கூட்டும், அரைபட்டதும் தானே நிற்கும். "இதுக்குப் புத்தி இருக்கும்மா" என்கிறாள். இருக்கலாம். ஆனால் அது சூடாவதே இல்லை.

ஜூ டவுன் கடைக்காரப் பையனிடம், "இது ஓடுமா?" என்று கேட்டேன்.

"ஓடும் சேச்சி. பக்ஷே சூடாவும். இடைக்கிடைக்கு ரெஸ்ட் கொடுக்கணும்" என்றான்.

புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. இன்னும் சூடாத்தான் இருக்கு என்று சொல்ல வாய்வரை வந்தது. திரும்பிப் பார்த்தேன். கிண்ணத்தோடு யாரும் நிற்கவில்லை.