பத்தொன்பது நிமிட நத்தை

கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. உள்ளே ஏதோ டொக் டொக்கென்று இடிக்கிறது; பிறகு ரம்பம் அறுப்பதுபோல் நீண்ட இரைச்சல். "உக்காருங்க, அவரு வெளிய வர இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு," என்கிறார் அவர் மனைவி என்னிடம், துணி மடித்தபடியே. "நடுவுல கூப்பிட்டா மறுபடி முதல்லேருந்து படுப்பாரு. நான் வீடு பெருக்கணும்."

கடைத்தெருவுக்கு அவர் குரல் அத்துப்படி, முகம் தெரியாது. மெத்தைக் கடை, செருப்புக் கடை, பாத்திரக் கடை வாசல்களில் நாள் முழுக்கக் கூவும் விளம்பரக் குரல் அவருடையதுதான். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குப் பெயரே 'தள்ளுபடி'. ஐம்பத்திரண்டு வயதிலும் தொண்டையைக் கைக்குழந்தைபோலப் பார்த்துக்கொள்கிறார். போகுமிடமெல்லாம் வெந்நீர் ஃபிளாஸ்க். பேருந்தில் ஜன்னலோரம் உட்காரமாட்டார். வீட்டில் கோபம் வந்தால் கத்தாமல் சீட்டில் எழுதிக் காட்டுவார். "இந்தக் கல்யாணத்துல எனக்குக் கெடச்ச ஒரே லாபம் அதுதான்," என்கிறார் மனைவி.

இந்தக் கட்டிலடி வாசம் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காக. அங்கே ஸ்கேன் குழாய்க்குள் பிள்ளைகள் பத்தொன்பது நிமிடம் ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கிவிடும். அப்புறம் மயக்க ஊசிதான். இவர் மகனுக்கு ஐந்து வயதில் தலைக்குள் கட்டி. ஏழு முறை ஊசி போட்டார்கள். "துவண்டு போயி தோள்ல கெடப்பான். பேசியே பொழைக்கறவன் நான், பெத்த புள்ளைய ரெண்டு வார்த்தை பேசிப் படுக்க வைக்கத் தெரியலையேன்னு இருக்கும்." மகனைப் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். இப்போது லாரிகளுக்கு டயர் மாற்றுகிறான். அப்பாவைவிட ஒரு சாண் உயரம். அந்த நன்றிக்கு, குழாய்க்குள் படுக்கும் பிள்ளைகள் கேட்க அப்பா தன் குரலில் ஒரு கதை பதிந்து கொடுத்தார்.

இயந்திரம் போடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் கதையில் ஒரு காரணம் உண்டு. வழி தெரியாத நத்தைக்குட்டி ஒன்று வீடு திரும்ப லாரியில் ஒளிந்துகொள்கிறது. டொக் டொக் என்றால் பாலத்தில் வேலை நடக்கிறது; ர்ர்ர் என்றால் ரோடு போடுகிறார்கள். நத்தை அசைந்தால் டிரைவர் பார்த்துவிடுவார். ஹெட்போனில் இதைக் கேட்கும் பிள்ளையும் அசையாது. முதல் பதிவில் மட்டும் தொழில் புத்தியைக் காட்டிவிட்டார். "அதோ நத்தையோட வீடு! உடனே கிளம்பி வாங்க!" என்று பழக்கதோஷத்தில் முழங்க, உள்ளே இருந்த பிள்ளை சொல்பேச்சு கேட்டு எழுந்திருக்கப் பார்த்தது. படம் பாழ்.

போன மாதம் புது இயந்திரம் வந்துவிட்டது. சத்தங்களின் வரிசையே வேறு. பாலம் வரவேண்டிய இடத்தில் ரோடு வர, இரண்டு பிள்ளைகள் மிரண்டு அழுதார்கள். ஸ்கேன் எடுப்பவர் புதுச் சத்தங்களைப் பதிந்து கொடுத்தார். கட்டிலடியில் இடிப்பது அதுதான்; குழாய்க்குள் கிடப்பதுபோல் படுத்துக் கேட்கிறார். வியாழனுக்குள் கதையை மாற்றியாக வேண்டும். அன்று வரும் ஏழு வயதுச் சிறுமிக்குப் போன தடவை மயக்க ஊசியில் மூச்சு முட்டிவிட்டது. "இந்தத் தடவை ஊசி இல்லாம முடியணும்னு அவ அம்மா என் கையப் புடிச்சிக்கிட்டாங்க," என்றவர், ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தார்.

வியாழனன்று நானும் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்கேன் எடுப்பவர், அம்மா, இவர். பாலமும் ரோடும் அதனதன் இடத்தில் வந்தன. பத்தொன்பதாவது நிமிடம் நத்தை வீட்டுக் கதவைத் தட்டியது, கதை முடிந்தது. அப்போதுதான் டாக்டர் போனில் இன்னொரு படம் கேட்டார். மேலும் நான்கு நிமிடம். கதை நின்ற குழாய்க்குள் சத்தம் மட்டும் மறுபடி கிளம்பியது. சிறுமியின் விரல்கள் போர்வையைப் பிடித்து இழுத்தன. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

சிறுமியின் ஹெட்போனுக்குப் பேசும் மைக்கை இவர் தன் பக்கம் இழுத்தார். "அடடா! கதவத் தொறந்தா இது வேற யாரோ வீடு! தப்பான வீட்டுக்கு வந்துட்டோமே. ஓடு, திரும்ப லாரிக்குள்ள ஒளிஞ்சுக்கோ. மூச்!"

விரல்கள் அப்படியே நின்றன. எதிரே எழுதிவைத்த தாள் எதுவும் இல்லை. வரும் சத்தத்துக்கெல்லாம் வாயில் வந்ததைக் காரணமாக்கி, லாரியை எங்கெங்கோ ஓட்டினார். நெற்றி வியர்த்துக் கொட்டியது; குரலில் ஒரு பிசிறு இல்லை.

சத்தம் ஓய்ந்தது. "படம் சுத்தமா வந்துருச்சு, முடிஞ்சுது சார்," என்று ஸ்கேன் எடுப்பவர் மைக்கை அணைக்கக் கை நீட்டினார். இவர் பேச்சை நிறுத்தாமல், அவரைப் பார்க்காமல், சற்றுப் பொறுங்கள் என்று ஒரு விரலை உயர்த்தினார். நத்தை இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.