ஃபயர்வால் போட்ட மத்தியானம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, பல ஊர் அலைந்து இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்தவன் நான். அங்கே சீசா என்ற பகுதியில் நண்பன் யேசுதாசனோடு ஒரே வீடு. அவனை ஆள் வைத்து அடிப்பதாகப் பழைய முதலாளி மிரட்டியதால், வாசலில் கேமரா பூட்டி, பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு அதோடு இணைத்தேன். யாராவது கதவை நெருங்கினால் என் போன் அடிக்கும்.

ஒரு மத்தியானம், துறைமுகத்தில் வேலைக்கு நடுவே சும்மா இருக்க முடியாமல், போனிலிருந்தே அந்தக் கணினிக்கு ஃபயர்வால் போட்டேன். உள்ளே வரும், வெளியே போகும் இணையத் தொடர்புகள் எல்லாவற்றையும் முதலில் தடுத்தேன். எங்களுக்கு வழிவிடும் விதிகளைப் பிறகு எழுத நினைத்தேன். உடனே என் போனின் தொடர்பும் அறுந்தது. பின்னேரம் பார்க்கலாம் என்று மூட்டை தூக்கப் போனேன்.

வீடு திரும்பியபோது கதவு பிளந்து கிடந்தது. இரும்புக் கம்பியால் யேசுதாசனின் வலது கையையும் முன்பற்களையும் உடைத்திருந்தார்கள்.

"கதவை உடைக்கேக்கை, உனக்குப் போன் அடிச்சிருக்கும், வந்திடுவாயெண்டு நினைச்சன்," என்றான், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

"நான்தான் எல்லாத்தையும் அடைச்சுப்போட்டனடா."

"ஓம், நல்லா அடைச்சாய். அவங்களைத் தவிர."

என் ஃபயர்வாலால் கேமராவும் துண்டிக்கப்பட்டதால் பொலிசில் காட்டப் பதிவும் இல்லை.

இப்போது கணினி முன்னால் உட்கார்ந்துதான் விதிகளை மாற்றுகிறேன். வழிவிடும் விதிகளை முதலில் எழுதுகிறேன். முடித்ததும் யேசுதாசன் வெளியே போய் இடது கையால் கதவைத் தட்டுவான். என் போன் அடித்த பிறகுதான் இருவரும் சாப்பிட உட்காருவோம்.